அலைமேல் அடுப்பு: விசைப்படகில் சமையல் எரிவாயு பற்றிய விவாதம்

ஓடுகிற கலத்தில் அடுப்பு எரிக்கலாமா, எரித்தால் எரிபொருளை எங்கே வைப்பது என்பது கடலோரத்துக்குப் பழகிய கேள்விதான். கட்டுமரம் ஓடிய காலத்தில் அது பெரிதாக எழவில்லை. பழைய சோறும் கஞ்சியும் தூக்குவாளியில் போகும், கரை திரும்பிய பிறகுதான் வீட்டில் உலை. 1960களுக்குப் பிறகு பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் பெருகின. புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடி வட்டத்து ஜெகதாப்பட்டினமும் பக்கத்துக் கோட்டைப்பட்டினமும் விசைப்படகுத் தளங்களாக வளர்ந்தன. இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் கரை சேரும் தொழிலில் நான்கைந்து பேருக்குச் சோறும் குழம்பும் படகிலேயே ஆக வேண்டியதாயிற்று. முதலில் விறகு, பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ். 2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும் 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டமும் கடலோரக் குடும்பங்களின் அடுப்பங்கரைக்குள் சிலிண்டரைக் கொண்டுவந்தன. ரேஷன் மண்ணெண்ணெயும் குறைந்துகொண்டே வந்ததால், கேஸ் படகில் ஏறியது இயல்பான அடுத்த படி.

இதே கேள்வி சாலையிலும் ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம் போகும் யாத்திரை வேன்களில் பாத்திரங்களோடு சிலிண்டரும் வரும். நிழல் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திச் சமையல் நடக்கும். அமெரிக்காவில் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவோர், வண்டியின் புரொப்பேன் குழாயிலிருந்து வெளியே வைக்கும் கரி அடுப்பு போன்ற ஒரு கிரில்லுக்கு இணைப்பு எடுப்பது எப்படி என்று பல காலமாக வாதாடி வருகிறார்கள். படகு, வேன், கேரவன் மூன்றிலும் சிக்கல் ஒன்றே. சிலிண்டரையும் அடுப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சோதித்துச் சான்று பெற்ற பொருள்கள். ஆபத்து பெரும்பாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள ஓரிரு அடி தூரத்தில் பிறக்கிறது. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இந்தக் கோணத்தில் எடைபோடலாம்.

தடை என்ற விடை

மிக எளிய விடை, கூடவே கூடாது என்பது. ரயில்வே அதைத்தான் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு அபாயகரமான பொருள்களைக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்துகிறது; மீறினால் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. இந்தத் தடைக்கு எதிர்த்து வாதிட எதுவும் இல்லை. நூறு பேர் அடைந்திருக்கும் பெட்டியில் திறந்த தீ இருக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட சிலிண்டரே காரணம் என்று ரயில்வே அறிவித்தது.

தடை சரியானதே என்றாலும், அதன் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. தடை செய்யப்பட்ட பொருள் மறைத்து வைக்கப்படும். மறைக்கத் தோதான இடம் எப்போதும் மூடிய இடமாகத்தான் இருக்கும். இருக்கைக்கு அடியிலும் மூட்டைக்குள்ளும் கிடக்கும் சிலிண்டருக்குக் காற்றோட்டமில்லை, அதன் ரெகுலேட்டரை எவரும் பார்ப்பதில்லை. ரயிலுக்கு மாற்று உண்டு: நிலையத்தில் சாப்பாடு கிடைக்கும். நடுக்கடலில் நிற்கும் படகுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. எனவே ரயிலின் விடையை அப்படியே படகுக்குப் பெயர்த்தால், சமையல் நிற்காது. அது என்ஜின் அறைக்குப் பக்கத்திலுள்ள இருட்டு மூலைக்குப் போய்விடும்.

இங்கே ஒரு முன்னுதாரணம் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு காலத்தில் வேன்களும் ஆட்டோக்களும் என்ஜினை ஓட்ட வீட்டுச் சிலிண்டரைத் திருட்டுத்தனமாகப் பொருத்திக்கொண்டு ஓடின, தீ விபத்துகளும் நடந்தன. 2001இல் மோட்டார் வாகனங்களில் எரிவாயுப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் ஆணை வந்தது. வண்டியோடு நிலையாகப் பொருத்திய தொட்டி, 80 விழுக்காடு நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு என்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. முறைகேடு முற்றாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், சரியாகச் செய்ய விரும்பியவருக்குச் செய்வதற்கு ஒரு வழி பிறந்தது. படகு அடுப்புக்கும் அந்த வகை விடையே பொருந்தும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சிறிய சிலிண்டர் என்ற விடை

இரண்டாவது விடை அளவைக் குறைக்கச் சொல்கிறது. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வீட்டுச் சமையல் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு எரிவாயு வழங்கல் ஆணையின் விதி. அப்படியானால் படகுக்குச் சட்டப்படி முக்கியமாக மிஞ்சுவது 19 கிலோ வணிகச் சிலிண்டரும், 2013 முதல் பெட்ரோல் பங்குகளிலும் அடையாளச் சான்று காட்டி வாங்க முடிகிற 5 கிலோ சிலிண்டரும்தான். ஓர் இரவுச் சமையலுக்கு 5 கிலோ தாராளம். தூக்குவதும் கட்டிவைப்பதும் எளிது.

ஆனால், அளவு குறைந்தால் ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று நம்புவது கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒரு கிலோ எரிவாயு ஆவியானால் ஏறக்குறைய அரை கன மீட்டர் இடத்தை அடைக்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு படகின் கீழ்த்தளத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று வைத்தால் 30 கன மீட்டர். அதைத் தீப்பிடிக்கும் கலவையாக்க ஒன்றேகால் கிலோ கசிந்தால் போதும். 5 கிலோ சிலிண்டரில் அப்படி நான்கு முறைக்கு வாயு இருக்கிறது. சிறிய சிலிண்டர் நல்லதுதான், ஆனால் எங்கே நிற்கிறது என்பதற்கு அது விடையாகாது.

அழுத்தம் பொருந்துகிறதா?

விவாதத்தில் அதிகம் பேசப்படாததும், எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். நம் வெயிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதை 30 கிராமுக்கு இறக்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருளுக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதை அழுத்தும் சுருள்வில், வெளிக்காற்று உள்ளே வந்துபோக மூடியில் ஊசிமுனை போன்ற ஒரு துளை. வீட்டு அடுப்பின் ஜெட் இந்த 30 கிராமுக்கு ஏற்றபடிதான் துளையிடப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கேரவன்களின் குழாயிலும் ஏறக்குறைய இதே அழுத்தம்: 11 அங்குல நீர்மட்டம், அதாவது சுமார் 28 கிராம். ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் எரியும் ஹை பிரஷர் அடுப்போ வேறு இனம். அதன் ரெகுலேட்டரைத் திருகி அரை கிலோ, ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வார்கள்; ஜெட்டின் துளை சிறியது.

இரண்டையும் மாற்றி இணைத்தால் என்ன ஆகும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஜெட் வழியே போகும் வாயுவின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறும். ஒரு கிலோ அழுத்தத்துக்குச் செய்த பர்னரை 30 கிராமில் மாட்டினால் அழுத்தம் முப்பது மடங்குக்கு மேல் குறைகிறது. வாயு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிறது. தீ சோர்ந்து எரியும், உலை கொதிக்காது. கேரவன்காரர்களின் முறையீடும் இதுவே. ஒரு பவுண்டு குப்பிக்கென்று செய்த கிரில்லில் அதற்கென ஒரு ரெகுலேட்டர் ஏற்கெனவே இருக்கும். கேரவன் குழாயிலும் ஒன்று உண்டு. வாயு இரண்டு கதவுகளைக் கடந்து வரும்போது தீயில் வேகம் இருப்பதில்லை. அதற்கு அங்கே இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கிரில்லின் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஜெட் போடுவது, அல்லது அப்படிச் செய்த அடுப்பையே வாங்குவது. மற்றொன்று, கேரவன் ரெகுலேட்டருக்கு முன்பாகவே ஒரு கிளை எடுத்து, அடுப்பின் சொந்த ரெகுலேட்டரிடமே வேலையை விடுவது. இரண்டிலும் விதி ஒன்றே: ஒரு அடுப்புக்கு ஒரு ரெகுலேட்டர், அதன் அழுத்தத்துக்குச் செய்த ஜெட்.

நம் ஊரில் மூன்றாவதாக ஒரு குறுக்கு வழி உண்டு: ஜெட்டின் துளையை ஊசியாலோ துரப்பணத்தாலோ பெரிதாக்குவது. வாயு கூடும் என்பது உண்மை. ஆனால், பழைய அளவு வாயு வர வேண்டுமானால் துளையின் விட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்காக வேண்டும். அவ்வளவு பெரிய துளையில் மெதுவாக வரும் வாயு போதிய காற்றை இழுத்துக்கொள்ளாது. தீ மஞ்சளாகும், பாத்திரம் கரியாகும், நச்சுப்புகையான கார்பன் மோனாக்சைடு கூடும். மழைக்குக் கதவும் சன்னலும் சாத்திய, சுக்கான் பிடிக்கும் அறையான வீல் ஹவுஸில் அப்படி ஒரு அடுப்பு எரிவது கசிவைவிடக் குறைந்த ஆபத்தென்று சொல்ல முடியாது. எதிர்த்திசைப் பிழை இன்னும் மோசமானது. வீட்டு அடுப்பை ஹை பிரஷர் ரெகுலேட்டரில் மாட்டினால் ஆறு மடங்கு வாயு பாயும். டியூபும் குமிழ்களும் அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

படகுக்கென்று இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிண்டர் நிமிர்ந்து நின்றால்தான் மேலேயுள்ள ஆவி வெளிவரும். கடலாட்டத்தில் சாய்ந்து உருண்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும், அது ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். பற்றிய தீ திடீரென்று ஆளுயரம் எழுவதற்கு அது போதும். கயிற்றால் ஒரு சுற்று கட்டியிருப்பதை நிமிர்ந்து நிற்பதாகக் கொள்ள முடியாது. அடியில் ஒரு வளையம், தோளில் ஒரு பட்டி என இரண்டு இடத்தில் பிடித்திருக்க வேண்டும்.

கசிந்த வாயு எங்கே போகிறது?

வீட்டில் கேஸ் வாடை அடித்தால் கதவைத் திற என்கிறோம். அந்த அறிவுரை வேலை செய்வதற்குக் காரணம், வாசல்படி தரைமட்டத்தில் இருப்பது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது: புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அது தரையோடு ஓடி, திறந்த வாசலில் வெளியேறுகிறது. படகுக்கு வாசல் மேலே இருக்கிறது. நீர் உள்ளே வராமல் இருக்கக் கட்டப்பட்ட உடலிலிருந்து வாயுவும் வெளியே போகாது. மேல்தளத்தில் கசிந்தாலும் கீழ்த்தளத்துக்கான மூடித் திறப்பின் வழியே கீழே இறங்கி, என்ஜினைச் சுற்றியும் அடித்தட்டு நீரின்மேலும் படிந்து கிடக்கும். அங்கே பேட்டரி இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிறது, நீர் இறைக்கும் பம்பு இருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றிலும் பொறி பறக்கலாம். வாசனைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் படகில் அவ்வளவு உறுதியானதில்லை. டீசல் புகையும் மீன் வாடையும் நிறைந்த இடத்தில், மேலே நிற்பவரின் மூக்குக்குக் கீழே கிடக்கும் வாயு எட்டாமலே போகலாம்.

24 மீட்டர் வரை நீளமுள்ள சிறு கலங்களுக்கான ஐஎஸ்ஓ 10239 என்ற சர்வதேசத் தரநிலையும், அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் ஏ-1 என்ற தரநிலையும் இந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குகின்றன. இரண்டும் சொல்வதன் சாரம்: சிலிண்டரைத் திறந்த வெளியில் வை, அல்லது மேலே மட்டும் திறக்கும் தனிப் பெட்டியில் வை. அந்தப் பெட்டியின் அடியில் ஒரு வடிதுளை இருக்கும். அதிலிருந்து குழாய் சரிவாக இறங்கிப் படகின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்துக்கு மேலே திறக்கும். கசிந்த வாயு தன் கனத்தாலேயே அதன் வழியே வழிந்து கடல்மேல் போய்விடும். மின்சாரமோ விசிறியோ அதற்குத் தேவையில்லை. அந்தத் துளையை மீன் செதிலும் பாசியும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. ஃபைபரிலோ பலகையிலோ அப்படி ஒரு பெட்டி செய்வது ஜெகதாப்பட்டினத்தில் படகுப் பழுது பார்க்கும் எவருக்கும் கைவந்த வேலைதான்.

ஐரோப்பியக் கேரவன்களில் கிரில்லுக்காக வெளிச்சுவரில் வைக்கப்படும் இணைப்பும் இதே சிந்தனையில் பிறந்தது. டியூபைச் செருகாவிட்டால் அதில் வாயு வராது. கழற்றினால் தானே அடைத்துக்கொள்ளும். தீயும் வெளியே, இணைப்பும் வெளியே. படகிலும் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு நான்கும் மேல்தளத்தில், மூடித் திறப்புகளுக்கு விலகி, ஒரே பக்கத்தில் நிற்பது பாதுகாப்பின் பெரும்பகுதியை முடித்துவிடும் என்பது என் கணிப்பு.

வேறு எரிபொருள் என்ற விடை

கேஸையே விட்டுவிடலாமே என்பவர்கள் முதலில் மின்சாரத்தைக் காட்டுகிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 1,500 வாட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை எடுத்தால் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, மறுபடி என்ஜினைக் கிளப்பவும் அதில் தெம்பு இருக்காது. படகுகளின் மின்னமைப்பு மாறினால் இந்த விடை வலுப்பெறலாம். மண்ணெண்ணெய்க்குத் திரும்புவதில் ஒரு நியாயம் உண்டு: அதன் ஆவி கேஸைப் போல அறை முழுதும் நிறைந்து காத்துக் கிடப்பதில்லை. ஆனால், ஆடும் தளத்தில் சிந்தும் எண்ணெயும், பம்பு ஸ்டவ்வில் குபீரென்று எழும் தீயும், கிடைப்பதிலுள்ள தட்டுப்பாடும் அதை எதிர்காலத்தின் விடையாக்கவில்லை. சமைத்தே எடுத்துப்போவது ஓர் இரவுத் தொழிலுக்கு முடியும். ஆனால், இரவெல்லாம் நனைந்து உழைப்பவருக்குச் சூடான சோறும் தேநீரும் ஆடம்பரம் என்று கரையில் இருப்பவர்கள் சொல்வது நியாயமில்லை.

ஆட்சேபங்கள்

இத்தனை ஆண்டுகளாக எரிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது முதல் ஆட்சேபம். இதை அலட்சியம் என்று ஒதுக்குவது தவறு. அடுப்பைப் பெரும்பாலும் காற்றாடும் இடத்தில் வைத்து எரிக்கும் பழக்கமே அவர்களைக் காத்திருக்கலாம். அதாவது, அந்த அனுபவம் இங்கு சொல்லும் வாதத்துக்கு எதிரானதாக இல்லாமல் அதற்கே சான்றாகிறது. மாற வேண்டியது, மழைநாளில் அடுப்பை உள்ளே நகர்த்துவதும், சமையல் முடிந்து சிலிண்டரை அடித்தளத்தில் போட்டு வைப்பதும்தான்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. மேல்தளத்தில் கடற்காற்று தீயை அணைத்துவிடும். அணைந்த அடுப்பிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். காற்று கசிவைக் கலைக்கவும் செய்கிறது, உண்டாக்கவும் செய்கிறது என்பதை மறுக்க முடியாது. இதற்கு மூன்று பக்கத் தகரத் தடுப்பு ஒரு பாதி விடை. மறுபாதி, தீ அணைந்தால் சில நொடிகளில் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு. ஐரோப்பியக் கேரவன் அடுப்புகளில் இது வழக்கம். நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. அந்த வால்வு இல்லாத அடுப்பைப் படகில் எரிக்கும்போது, சமைப்பவர் அதைவிட்டு நகரக் கூடாது. வலை இழுக்கும் நேரத்தில் அப்படி ஒருவரை ஒதுக்குவது கடினம் என்பதும் உண்மை.

உப்புக்காற்றில் ரெகுலேட்டர் கெட்டுவிடும் என்பது மூன்றாவது. கெடும். அந்த ஊசிமுனைத் துளையில் உப்புப் படிந்தால் சவ்வு தடுமாறும், அழுத்தம் கூடும் அல்லது குறையும். வீட்டு டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கணக்கு கடலுக்குப் பொருந்தாது. பெட்டியும் மூடியும் நீர்த்திவலையைத் தடுக்கும். அதற்குமேல், வாஷரையும் டியூபையும் ரெகுலேட்டரையும் அடிக்கடி மாற்றுவதைத் தவிர வழி தெரியவில்லை.

முடிவாகாதவை

ஓர் இரவில் திரும்பும் படகைப் பொறுத்தவரை, மேல்தளத்தில் வடிதுளைப் பெட்டி, ஒரே ரெகுலேட்டர், அதற்கேற்ற அடுப்பு என்பது இன்றைய சான்றுகளுக்கு நெருங்கிய விடை. ஆழ்கடல் படகு வேறு. பாக் விரிகுடா இழுவைப்படகுகளுக்கு மாற்றாக 2017இல் தொடங்கிய திட்டத்தின் சூரைமீன் படகுகள் பல நாட்கள் கடலில் தங்குபவை. அவற்றில் சமையல் உள்ளறைக்குத்தான் போகும். அப்போது நிலையான உலோகக் குழாய், அறைக்கு வெளியிலிருந்தே அடைக்கும் வால்வு, கீழ்த்தளத்தில் வாயு உணரும் கருவி எல்லாம் வேண்டியிருக்கும். அந்தக் கருவிகள் ஈரத்திலும் டீசல் ஆவியிலும் எவ்வளவு நாள் நம்பகமாக வேலை செய்யும் என்பது விவாதத்துக்குரியது.

சரிபார்ப்பது யார் என்பதும் திறந்தே கிடக்கிறது. வீட்டு இணைப்பைச் சோதிக்க விநியோகஸ்தரின் மெக்கானிக் வருகிறார். படகு அவர் எல்லைக்குள் வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது மீன்வளத் துறை அவற்றை ஆய்வு செய்கிறது. அந்த நாட்களில் சோப்பு நுரையும் ஓர் அழுத்தமானியும் வைத்து இணைப்பைப் பார்க்க ஒரு படகுக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கான அதிகாரத்தை மீன்வளத் துறைக்குத் தருவதா, எண்ணெய் நிறுவனங்களின் பொறுப்பைக் கரையிலிருந்து படகுவரை நீட்டுவதா, படகுச் சங்கங்களே தங்கள் ஆட்களைப் பயிற்றுவிப்பதா என்பதில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடை இருக்கிறது. துறையிடம் எரிவாயு தெரிந்தவர்கள் வேண்டும். நிறுவனங்கள் ஏற்றால் வீட்டுச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் காட்டவே தயங்குவார்கள். சங்கத்தின் சான்றைக் காப்பீட்டாளர் ஏற்பாரா என்பது தெளிவில்லை. மூன்றில் சங்கத்தின் வழியே முதலில் சோதித்துப் பார்க்கத்தக்கது என்று தோன்றுகிறது. மழைநாளில் அடுப்பு எங்கே நகர்கிறது என்பதை அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.